அம்மாளா, தடிமலா?

செவ்வாய். விடாத மழை.

ஓம், எனக்கும் வந்ததுதான். என்ன பெரிய கொரோனா? மூக்கொழுகும் தடிமல், கொஞ்சம் காய்ச்சல், பனடோல், படுக்கை. முடிந்தது. சும்மா கிடக்கத்தான் முடியவில்லை. ஏ.எல். வகுப்பிலேயே இருக்க முடியாமல் ஓடி வந்தவன் நான்.

இப்போது அப்பாவுக்கு. அம்மை போட்ட வீடு மாதிரி அம்மா வேலிப் படலையில் வேப்பிலை கட்டிவிட்டா. தாளிப்பு இல்லை, மீன் இல்லை, மருந்தும் இல்லை.

"அம்மாள் வந்திருக்கா மனே. அவ போறமட்டும் அப்பா படலை தாண்டப்படாது."

அப்பா: "எனக்கு ஒண்டுமில்ல. ஒரு துண்டு மீன் தா புள்ள."

ஆற்றில் இறால் பிடிக்கிற மனிசனுக்குப் பருப்புத் தண்ணி!

ஒரு நன்மை. வேப்பிலையைக் கண்டால் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். மாஸ்க் போடு என்றால் கேட்காத சனம். ஆனால் வேலியில் தினமும் யாரோ சோற்றுப் பார்சல் கொழுவிவிட்டுப் போகிறார்கள். நல்ல சனம்.

வியாழன். வெயில்.

அப்பா இரண்டு சொல் பேசினாலே மூச்சு வாங்குகிறது. எனக்கு இப்படி வரவில்லையே. பயம்.

அப்பாவிடம் இறால் வாங்குகிற காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி, எங்கள் காக்கா, ஓட்டோவில் வந்தார். படலைக்கு வெளியே நின்றபடி:

"தம்பி, அம்மாளா, கொரோனாவா?"

"அம்மாவக் கேட்டா அம்மாள். என்னக் கேட்டா தடிமல். அப்பாவக் கேட்டா ஒண்டுமில்ல."

காக்கா சிரிக்கவில்லை. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற மெசினை நீட்டினார்.

"போட்டுப் பாருங்க. இது ஒங்கட ஒருத்தர்ட பேச்சயும் கேக்காது. என்ட வாப்பாவயும் தடிமல் எண்டுதான் வெச்சிருந்தம்."

தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கவேணும். அப்பாவுக்குத் தொண்ணூறுக்கு எவ்வளவோ கீழே. காக்கா ஓட்டோவைத் திருப்பினார். அம்மா வாசலை மறித்து நின்றா. அப்பாவின் உதட்டையே பார்த்தா. நீலம். பிறகு படலையில் ஒரு கொத்து வேப்பிலை முறித்து அப்பாவின் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தா.

"அம்மாளும் கூட வாறா. நடங்க."

கல்லடிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரி. தனக்கும் தொற்றும் என்று காக்காவுக்குத் தெரியும். அப்பாவைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்.

புதன். காற்று.

ஒட்சிசனைக் கழற்றிவிட்டார்களாம். இன்று வீட்டுக்கு விடத் துண்டு வெட்டுகிறார்கள். காலையில் அப்பா போன்:

"தடிமலுக்குப் போய் மூக்குல குழாய் வெச்சிட்டானுகள். எல்லாம் உன்னாலதான்டா, படிப்பயும் விட்டுட்டு டொக்டர் வேல பாக்கிறாய் என்ன?"

அவ்வளவையும் ஒரே மூச்சில். இவ்வளவு சந்தோசமாக நான் ஏச்சு வாங்கியதே இல்லை.

அம்மாள் காப்பாற்றினா என்கிறா அம்மா. அல்லாஹ் என்கிறார் காக்கா. நான் ஒருவரோடும் வாதாடப் போவதில்லை. எல்லாருக்கும் பெரிய நன்றி.

காக்கா ஹோன் அடிக்கிறார். அப்பாவை ஏற்றப் போகவேணும்.