நீர் உட்கார்ந்து மெருகிட்ட தகடு

என் பிரியத்துக்குரிய காஜா,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன் வே. மூன்றாவது தகடு முடிந்துவிட்டது. சோதித்தும் பார்த்துவிட்டேன். நான் சொன்னதுதான் சரி. கோணல் உம்முடைய தகட்டில்தான். கல்லூரி வாசல் டீக்கடை வரைக்கும் போய், 'நாயகம் தேய்ச்ச கண்ணாடியில பணியாரம் சுடலாம் வே' என்று சொல்லிச் சிரித்தீரே, இப்போது என்ன சொல்லப்போகிறீர்?

ஒன்றும் சொல்லமாட்டீர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜெயித்த செய்தியை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் அதே டீக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி பழக்கத்தில் இரண்டு கிளாஸ் எடுத்து வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார்.

இதை வேறு யாராவது படித்தாலும் விளங்க வேண்டும். அதனால் உமக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளும். நாம் இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் இயற்பியல் வாத்தியார்கள். நீர் மேலப்பாளையம், நான் திருநெல்வேலி டவுன். பிள்ளைகள் வானத்தைப் பார்க்க ஒரு தொலைநோக்கி செய்வோம் என்று கிளம்பினோம். அதன் கண்ணாடிகளைச் சோதிக்க, நம்பத் தகுந்த ஒரு தட்டைத் தகடு வேண்டும். வெளிநாட்டுத் தகடு வாங்கத் துறைக்கு வக்கில்லை. தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் கடையில் வட்ட ஜன்னல் கண்ணாடி மூன்று கிடைத்தது. ஒன்றை நீர் தேய்ப்பது, ஒன்றை நான் தேய்ப்பது, மூன்றாவதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று பேச்சு. கொட்டகையில் ஒரு தார் டிரம்மை நிறுத்தி, அதைச் சுற்றி நடந்தபடியே தேய்க்க வேண்டும்.

தேய்த்து முடித்த ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்தால் கரிய வரிகள் தெரியும். இரண்டு பரப்பும் தட்டை என்றால் வரிகள் சீப்புப் பல் மாதிரி நேராக நிற்கும். எங்காவது பள்ளமோ மேடோ இருந்தால் வளையும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள வித்தியாசம் மஞ்சள் ஒளியின் பாதி அலை. தலைமுடித் தடிமனை இருநூறு கூறு போட்டால் அதில் ஏறக்குறைய ஒரு கூறு. அந்தக் கூறுக்காகத்தான் நாம் இரண்டு பேரும் அத்தனை சண்டை போட்டோம்.

தகட்டைத் தொட்டுவிட்டால் உடனே பார்க்கவும் முடியாது. கைச்சூட்டுக்குக் கண்ணாடி உப்பி, வரிகள் தாறுமாறாக ஓடும். 'ஆறட்டும் வே' என்பீர். கண்ணாடிக்கு மட்டுமா சொன்னீர்? முதல்வர் கத்தினாலும் ஆறட்டும், பஸ் போய்விட்டாலும் ஆறட்டும், நான் கோபித்துக்கொண்டு எழுந்தாலும் ஆறட்டும்.

அந்த ஆடி மாதம் முதல் தடவையாக உம் தகட்டையும் என் தகட்டையும் சேர்த்து வைத்தோம். வரிகள் வளைந்து நின்றன. ஒரு வரிக்கு முழுசாக வளைவு.

"உம்ம தகடுதான் வே கோணல்," என்றேன்.

"எப்படிச் சொல்லுதீரு? ரெண்டு பேர் சேந்து நின்னா, எவன் கூனன்னு நெழலை வச்சு சொல்ல முடியுமா?"

"நான் ஒழுங்கா டிரம்மைச் சுத்தி நடந்து தேய்ச்சேன்."

"நான் மட்டும் பறந்தா தேய்ச்சேன்? போவும் வே."

சட்டப்படி நீர் சொன்னது சரிதான். இரண்டு தகடு இருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டுமே தெரியும். தப்பு யாருடையது என்று தெரியாது. அதற்கு மூன்றாவது ஒன்று வேண்டும். ஐப்பசி பிறந்ததும் ஒரு சாயங்காலம் அதற்கு ஒப்புக்கொண்டு எழுந்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரமே உம் வீட்டு முற்றத்தில் நீர் வழுக்கி விழுந்தீர்.

அதற்குப் பிறகு நடந்ததை உமக்கு நான் சொல்ல வேண்டாம். எலும்பு கூடிவிட்டது, கால் மட்டும் திரும்பவில்லை. அப்புறம் கை. மதுரையில் நரம்பு டாக்டர் ஊசியும் கம்பியும் குத்திப் பார்த்துவிட்டு, தசையை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார். மருந்து? அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் சாயங்காலம் வந்து உம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சு குழறிய பிறகும் 'உம்ம தகடு' என்று என்னைச் சீண்டினீர். அதுவும் போன பிறகு கண்ணாலேயே சீண்டினீர். நான் பதிலுக்குத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

நீர் போன பிறகு நடந்தது உமக்குத் தெரியாது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீர் விழுந்த அன்று உம் மனைவி ஜமீலா அந்த முற்றத்தில் வைத்துத்தான் மகளுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். தரையில் கொஞ்சம் சிந்தியிருக்கிறது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? உம் அக்கா, நீர் 'லாத்தா' என்று உயிரை விடுவீரே, அவர்தான் முதலில் சொன்னார்: "நல்லா நடந்து திரிஞ்ச புள்ள. அந்த எண்ணெயில வழுக்குனதுல இருந்துதான் படுத்தான்." பிறகு தெருவே சொன்னது. கடைசியில் ஜமீலாவே நம்பிவிட்டாள். அவள் நாலு மாதம் பத்து நாள் வெளியாள் பார்க்காமல் இத்தா இருந்து முடிந்து நான் பார்க்கப் போனபோது மகளின் தலை பரட்டையாகக் கிடந்தது. அந்த வீட்டில் எண்ணெய்ப் புட்டியே இல்லை வே. டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "விழுந்த அதிர்ச்சியிலதான் நரம்பு செத்திருக்கும்னு எல்லாரும் சொல்லுதாவளே அண்ணே," என்றாள்.

வேறு ஒன்றும் செய்ய முடியாத கோபத்தில்தான் மூன்றாவது தகட்டை எடுத்தேன். மணல் நிரப்பிய அதே தார் டிரம், அதன் மேல் கீல் என்கிற தார்ப்பிசின் பூசிய அதே தட்டு, மெருகிடும் அதே சிவப்புப் பொடி. முன்னே தள்ளி, பின்னே இழுத்து, ஓர் எட்டு வைத்து, கண்ணாடியைச் சற்றே திருப்பி, மறுபடி தள்ளி. ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் கை அழுத்தம் ஒரே பக்கம் விழுந்து தகடு கோணிப்போகும். அதற்குத்தான் அந்த நடை. கொட்டகையில் நான் மட்டும்தான். டிரம்முக்குப் பக்கத்தில் உம் ஸ்டூல் கிடந்தது. சுற்றுக்கு ஒரு தடவை அது காலை இடித்தது.

முடித்து, ஆறவிட்டு, சோதித்தேன். என் தகடும் மூன்றாவதும்: வரிகள் நேர். உம் தகடும் மூன்றாவதும்: வளைவு, பழைய அதே அளவு. இதற்கு ஒரே விடைதான் உண்டு என்று உமக்குத் தெரியும். கொட்டகை அதிர, "பாத்தீரா வே!" என்று கத்தினேன். பிறகு உம் தகட்டைக் கால் வட்டம் திருப்பி வைத்துப் பார்த்தேன். வளைவைக் காணோம். வரிகள் நேராக நின்றன.

அப்படியென்றால் அது பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. கூரை ஓடு மாதிரி ஒரு திசையில் மட்டும் வளைந்திருக்கிறது. அது எப்படி வரும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் நீர்தானே பாடம் எடுத்தீர்? டிரம்மைச் சுற்றி நடக்காதவன் தகடு அப்படி ஆகும். கையில் பிடிப்பில்லாமல், கண்ணாடியையும் திருப்பாமல் விட்டவன் தகடு அப்படி ஆகும்.

நான் உம் ஸ்டூலைப் பார்த்தேன்.

நீர் காலையில் தேய்ப்பீர், நான் மாலையில். அந்தக் கோடையில் ஒருநாள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தீர். என்ன வே இது என்று கேட்டேன். "மெருகு போடுறது தவம் மாதிரி வே. நின்னுக்கிட்டு எவனாவது தவம் செய்வானா?" என்றீர். செய்வான் என்று ஒற்றைக் காலில் நின்று காட்டினேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அது சித்திரை. நீர் எண்ணெயில் வழுக்கியது ஐப்பசி.

உமக்குத் தெரியுமா வே அப்போதே? கால் சொல் பேச்சு கேட்கவில்லை என்று தெரிந்துதான் ஸ்டூல் கொண்டு வந்தீரா? இல்லை, வெயில் அலுப்பு என்று நினைத்தீரா? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். உம் நோய் எந்த டாக்டருக்கும் முன்னால் அந்தக் கண்ணாடியில் எழுதியிருந்தது. நாம் அதை வைத்து யார் கைவேலை மோசம் என்று அடித்துக்கொண்டோம். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மதுரை டாக்டரைக் கூப்பிட்டேன். ஆறு மாதம் முன்னாலேயே தெரிந்திருந்தால்? "அப்பவும் இதேதான் சார்," என்றார். அதைக் கேட்டு நிம்மதிப்படுவதா அழுவதா? நான் பூத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வெளியே ஆள் கதவைத் தட்டினான்.

ஜமீலாவுக்காவது இது உதவட்டும் என்று சனிக்கிழமை கல்லூரிக்கு வரச் சொன்னேன். லாத்தாவும் கூட வந்தார். இருட்டறையில் விளக்கைப் போட்டேன். முதலில் இளஞ்சிவப்பாக எரிந்து, பைய மஞ்சளாயிற்று. அந்த வெளிச்சத்தில் ஜமீலாவின் பச்சைச் சேலை சாம்பல் ஆனது. "மையத்து கிடக்குற வீடு மாதிரி இருக்கே," என்றார் லாத்தா. நான் மூன்று தகடுகளையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். டிரம்மைச் சுற்றி நடந்து தேய்க்க வேண்டியதைச் சொன்னேன். ஸ்டூலைச் சொன்னேன். என் வாழ்நாளில் இப்படிப் பாடம் எடுத்ததில்லை வே.

"கோடுதானே தம்பி இது," என்றார் லாத்தா. "இந்தக் கோட்டுல எம் தம்பி இருக்கானாக்கும்? விழுந்தான், படுத்தான். நான் கண்ணால பாத்தேன்."

ஜமீலா வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சித்திரையிலயேவா அண்ணே?"

"பங்குனியிலயே தொடங்கிருக்கும்மா."

"அப்போ எண்ணெய் இல்ல."

"எண்ணெய் இல்ல."

ஒரு பாரத்தை இறக்கிவிட்டோம் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி. அவள் நிமிர்ந்து சொன்னாள்: "அந்தக் கோடையிலதான் அவிய சட்டைப் பொத்தானை என்னைப் போட்டுவிடச் சொன்னாவ. தெனமும். இந்த வயசுல என்ன கொஞ்சல்னு சிரிச்சேன் அண்ணே. அவியளும் சிரிச்சாவ."

நான் என்ன செய்திருக்கிறேன் பாரும். எண்ணெய் சிந்திய முற்றத்திலிருந்து அவளை எடுத்து, கவனிக்காமல் சிரித்த ஒரு கோடை முழுக்க உட்கார வைத்துவிட்டேன்.

பிறகு அவள் கேட்காமலேயே உம் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "வழவழன்னுதானே இருக்கு. ஒண்ணும் தெரியலையே," என்றாள். கையை எடுத்ததும் வரிகள் கலைந்து ஓடின. கெடுத்துவிட்டோமோ என்று பயந்துவிட்டாள். ஆறட்டும்மா என்றேன். மூன்று பேரும் விளக்கடியில் காத்து நின்றோம். வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, நீர் வளைத்து வைத்த இடத்திலேயே நின்றன.

"இதை நேராக்கிருவியளா அண்ணே?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அதைத் தேய்த்து நேராக்கத்தான் பொடி கரைத்து வைத்திருந்தேன்.

படி இறங்கும்போது லாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பைய எறங்கு. வழுக்கப்போவுது," என்றார். அவர் மனசு மாறிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. பிடித்த கையை பஸ் ஏறும் வரை அவர் விடவில்லை, அதை மட்டும் பார்த்தேன்.

இதுதான் வே செய்தி. கரைத்த பொடியைக் கொட்டிவிட்டேன். சோதனைக்கு இரண்டு தகடு போதும். உம்முடையதை நான் நேராக்க மாட்டேன். வேறு யாரையும் தொடவும் விட மாட்டேன். தொலைநோக்கிக் கண்ணாடி இன்னும் பாக்கி இருக்கிறது. உம் பங்குக்கும் சேர்த்து டிரம்மைச் சுற்றி நானே நடக்கிறேன். ஸ்டூல் வழியில்தான் கிடக்கிறது. அதை நகர்த்தாமல் சுற்றிப் போகப் பழகிக்கொள்கிறேன்.

ஜெயித்தும் தோற்ற உம் மச்சான்,
கோமதிநாயகம்