சங்கிலி பிடித்து இறங்கியவர்கள்

ஏங்க,

முன்னறையில் மஞ்சள் வாசனை இன்னும் போகவில்லை. பினாயில் ஊற்றித் தேய்த்தாயிற்று, பாயை மொட்டை மாடியில் காயப் போட்டாயிற்று, அப்படியும் போகிற வழியாகத் தெரியவில்லை. மஞ்சளும் கசங்கிய வேப்பிலையும் கலந்த அந்த வாசனை உங்களுக்கு மறந்திருக்காது. மறந்துவிட்டது என்றால் நேரில் வந்து முகர்ந்து பாருங்கள் என்று சண்டைக்கு இழுத்திருப்பேன். நீங்கள்தான் இரண்டு வருஷமாகக் கல்லறையில் சொகுசாகப் படுத்திருக்கிறீர்களே.

இதே வாசனை அடித்த இன்னொரு அறையை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். நைஜீரியாவில், இஃபே ஊரில், பள்ளிக்கூடம் நமக்குக் கொடுத்த தகரக் கூரை வீட்டின் முன்னறை. கல்யாணமான கையோடு ஆரணியிலிருந்து வாத்தியார் வேலைக்குக் கப்பலேறாத குறையாக ஓடிய ஜோடி நாம். எண்பதுகளில் அப்படி எத்தனையோ பேர் போனார்கள். எனக்குக் கணக்குப் பாடம், உங்களுக்குச் சரித்திரம். போய்ச் சேர்ந்த மாதமே உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இந்த யொரூபா ஜனங்கள் ஆதியில் எங்கிருந்து வந்தார்கள்? சோறு தின்றாலும் அதுதான் பேச்சு, துணி துவைத்தாலும் அதுதான் பேச்சு.

சாயங்காலமானால் பூகோள வாத்தியார் அடேயெமி வந்துவிடுவார். நான் வாழைக்காய் வறுத்துக் கொடுப்பேன், தட்டு காலியாகும், வாய் மட்டும் ஓயாது. அவர் கட்சி வானம். ஆதியில் பூமியே கிடையாது, எல்லாம் தண்ணீர். மேலேயிருந்து ஒரு சங்கிலி இறங்கியது, அதைப் பிடித்துக்கொண்டு ஒடுடுவா இறங்கினார். கையில் கொஞ்சம் மண், ஐந்து விரல் சேவல் ஒன்று. மண்ணைக் கொட்டிச் சேவலை விட்டார், அது கீறிக் கீறிப் பரப்பிய இடம்தான் இஃபே. உலகமே எங்கள் ஊரில்தான் ஆரம்பம் என்று முடிப்பார். பள்ளிக்கூடக் காவல்காரர், தினம் தவறாமல் தொழுகிறவர், வாசலிலிருந்தே மறுப்பார். ஒடுடுவா மெக்காவில் ஒரு ராஜாவின் பிள்ளை, மார்க்கச் சண்டையில் துரத்தப்பட்டு இங்கே ஓடி வந்தவர் என்பார். நீங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து குழப்புவீர்கள். மெக்கா என்றால் மெக்காவாகவே இருக்க வேண்டுமா, எகிப்து என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களே; இந்த மண்ணைத் தோண்டினால் சுட்ட மண் தலைகள் வருகின்றனவே, அதைச் செய்தவர்கள் யார்; ஒடுடுவா பக்கத்து மலையிலிருந்து இறங்கி வந்து, இங்கே முன்பே இருந்தவர்களை அடித்துப் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்த ஆளாக இருந்தால்?

எனக்குத் தாங்காது. "மூணு விடை வர்ற கணக்கு தப்புக் கணக்குங்க" என்பேன்.

"சரித்திரத்துல மூணு விடை வந்தாதாண்டி ரைட்டு" என்பீர்கள். அடேயெமிக்கு இதை இங்கிலீஷில் வேறு சொல்லிக் காட்டுவீர்கள். அந்த மனிதர் தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். சிரித்தால் இரண்டு கன்னத்திலும் இருக்கிற படுக்கைக் கோடுகள் வளையும்.

அந்தக் கோடுகளைப் பற்றி நான்தான் கேட்டேன். குழந்தையாக இருந்தபோதே கத்தியால் கீறி வைத்தார்களாம். "இது இன்ன குலத்துப் பிள்ளை என்று தெரிய. சண்டைக் காலத்தில் பிள்ளை தொலைந்துபோனால், கோட்டைப் பார்த்து யாராவது வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள்" என்றார். வடக்கே இருந்த பெரிய ராஜ்யம் உடைந்தபோது அவருடைய முன்னோர்கள் அங்கிருந்து அகதிகளாக வந்து இஃபேயை ஒட்டிக் குடியேறியவர்கள். பல தலைமுறை ஆகிவிட்டது. அப்படியும் ஊர்க்காரர்களுக்கு அவர்கள் வந்தவர்கள்தான். இஃபேக்காரர்கள் முகத்தில் அந்தக் கோடு கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அவர்களும் ஒடுடுவாதான் பாட்டன் என்பார்கள், இவர்களும் ஒடுடுவாதான் பாட்டன் என்பார்கள். ஒரே சங்கிலியைத்தான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிலத் தகராறில் அந்தப் பகை பற்றிக்கொண்டது. முதல் நாள் கூரைகள் எரிந்தன. மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பின்வேலியைத் தாண்டி அடேயெமி ஓடி வந்து நம் சமையலறையில் விழுந்தார். செருப்பில்லை, சட்டையில் பாதி இல்லை. தோளில் வெட்டு வாங்கியிருந்தார், விரலை வைத்தால் உள்ளே போய்விடும் போலப் பிளந்திருந்தது. அண்ணன் கூடவே ஓடி வந்தாராம். வழியில் பிரிந்துவிட்டார்களாம்.

நான் விறகு வெட்டுகிற கத்தியைக் கையில் எடுத்தேன். "வரட்டும், ஒருத்தனையாவது பார்த்துட்டுதான் சாவேன்" என்று கத்தினேன். நீங்கள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி அடுப்புக்குப் பின்னால் எறிந்துவிட்டு, "மஞ்சத்தூள் எங்க வெச்சிருக்க? ஜல்தி!" என்றீர்கள். எனக்கு உங்கள்மேல்தான் கொலைவெறி வந்தது. வெட்ட வருகிறார்கள், இந்த ஆள் குழம்பு வைக்கக் கிளம்பிவிட்டாரே என்று.

அம்மா ஆரணியிலிருந்து கொடுத்தனுப்பிய மஞ்சள்தூள் முழுவதையும் தண்ணீரில் குழைத்து அவர் முகத்தில் அப்பினீர்கள். கோடுகள் மறைந்தன. என் வெள்ளைச் சேலையைப் போர்த்தி, வேப்பிலைமேல் படுக்க வைத்தீர்கள். வேப்பிலைக்கு அங்கே பஞ்சமில்லை, காய்ச்சலுக்கென்று எல்லா வீட்டிலும் மரம் வைத்திருப்பார்கள். மீதி இலையைக் கொத்தாக வாசலில் கட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிக்கிற மனிதர், மாரியம்மன் கோயில் பூசாரி மாதிரி நின்றீர்கள்.

துரத்தி வந்த இஃபேக்காரர்கள் கையில் நீளக் கத்திகள். சிலதில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கோடு போட்டவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டார்கள். நீங்கள் திரையை விலக்கிக் காட்டி, அந்த ஊர்ப் பாஷையில் இரண்டே வார்த்தை சொன்னீர்கள். சூடான பூமி. அம்மைக்கு அங்கேயும் ஒரு சாமி உண்டு, அதன் நிஜப் பெயரைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது, இப்படித்தான் சுற்றி வளைத்துச் சொல்வார்கள் என்று நீங்கள் எப்போதோ கேட்டு வைத்திருந்தீர்கள். முன்னால் நின்றவன் நெருப்பை மிதித்தவன் மாதிரி பின்னால் குதித்தான். ஒருத்தன் கத்தியைக் கீழே போட்டுவிட்டே ஓடினான்.

அவர்கள் போனதும் நான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "ஆத்தா பேரைச் சொல்லி பொய் சொல்றீங்களே, வேதக்காரர்தானா நீங்க?"

"பேர எங்கடி சொன்னேன்? இலையைத்தானே கட்டுனேன்" என்றீர்கள். சொல்லிக்கொண்டே அடேயெமியின் தோளுக்குக் கட்டுப் போடத் துணி தேடினீர்கள்.

ராணுவ லாரி வந்து அமைதியான பிறகு பள்ளிக்கூட வாசலில் அடேயெமியின் அண்ணன் உடலைப் பார்த்தோம். அதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதாமல் போனால் வேறு யாருக்கும் தெரியாது. கன்னத்தில் கோடு இருந்த இடத்திலேயே வெட்டியிருந்தார்கள், அந்தக் கோட்டையே அழிக்க வந்தவர்கள் மாதிரி. அடேயெமி பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டினார். அப்புறம் உங்களைப் பார்த்து, "சார், சங்கிலி பிடித்து இறங்கினோம் என்கிறோமே, திரும்பி ஏறிப்போக அந்தச் சங்கிலியை விட்டு வைத்திருக்கக் கூடாதா?" என்றார். ஒடுடுவாவைப் பற்றி நீங்கள் வாயைத் திறக்காத முதல் சாயங்காலம் அது. இபாதான் நகரத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போன அடேயெமியை அதற்குப் பிறகு நாம் பார்க்கவில்லை.

இப்போது ஆரணிக்கு வருகிறேன்.

நம் தெருமுனையில் திருவிழாவுக்கு ஒரு பேனர் கட்டினார்கள். வீட்டு உயரம். தாடி வைத்த முனிவர் படம், அவர் கமண்டலத்திலிருந்து தண்ணீரோடு ஒரு வீரன் குதிக்கிறான். நம் ஊர் ஆறு கமண்டல நாக நதி பிறந்த அன்றைக்கே பேனர் கட்டியவர்கள் குலமும் பிறந்ததாம். கீழே, மண்ணின் மைந்தர்கள் நாங்கள், வந்தேறிகளே ஒதுங்கி நில்லுங்கள் என்று கொட்டை எழுத்து. வாசலில் நின்று படித்துவிட்டு, உங்கள் ஒடுடுவாவின் சேவல் எங்கே என்று தேடினேன், சத்தியமாக. ஆற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம், அதில் பிறந்த வீரன் எங்கே நீந்தினான் என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பேனர் எதிர்வீட்டு சேகரின் ஜன்னலை முழுதாக அடைத்துவிட்டது. சேகர் இதே ஜில்லாவில் தேசூர்ப் பக்கத்து ஆள். அவன் அப்பா காலத்தில் தறி வேலைக்கு வந்த குடும்பம். பட்டுச்சேலையில் ஜரிகைப் பூ போடுகிறவனுக்கு ஜன்னல் வெளிச்சம் இல்லாவிட்டால் இழை தெரியாது. கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க என்று கேட்டுப் பார்த்தான், யாரும் காதில் வாங்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்துவிட்டான். பேனர் மடிந்து முனிவர் தலைகீழாகச் சாக்கடை ஓரம் தொங்கினார். வெளிச்சம் வந்ததும் இவன் பாட்டுக்குத் தறியில் போய் உட்கார்ந்துவிட்டான், பைத்தியக்காரன். ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவனுக்கு.

சித்திரை வெயில், உச்சிப்பொழுது. இவன் பின்சந்து வழியாக என் கொல்லைக்குள் குதித்தபோது ஒரு காது கிழிந்து தொங்கியது. "டீச்சர், டீச்சர், கொல்ல வராங்க டீச்சர்" என்றான். தெருவில் கம்பியும் அரிவாளும் இழுபடுகிற சத்தம் கேட்டது.

நான் யோசிக்கவே இல்லைங்க. கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போனது. அவன் முகம், காது, ரத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அப்பினேன். பாயில் தள்ளினேன். கொல்லை வேம்பில் கைக்கெட்டியதை ஒடித்து வாசல் கம்பியில் செருகிவிட்டு நின்றேன். உங்கள் அளவு நேர்த்தி வரவில்லை.

முன்னால் வந்தவன் பாஸ்கர். என்னிடம் ஏழாவது படித்தவன். இப்போது மீசையும் வெள்ளை வேட்டியுமாக இருக்கிறான். கையில் அரிவாள்.

"டீச்சர், அந்த வந்தேறி நாய் உள்ள வந்துகீறானா?"

"உள்ள அம்மை போட்டு ஒருத்தர் படுத்துகினு இருக்காங்க. சத்தம் போடாத, போ."

அவன் வேப்பிலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. இஃபேயில் நாம் அன்னியர்கள், நாம் என்ன சொன்னாலும் நம்புவார்கள். ஆரணியில் யார் வீட்டு வாசலில் எது தொங்கும் என்று ஊருக்கே தெரியும்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்க வீட்டு வாசல்ல ஏது டீச்சர் வேப்பிலை?"

வாய் அடங்குமா எனக்கு? "ஏண்டா, அம்மை என்னா சாதி சர்டிபிகேட் பாத்துகினா வருது? ஏழாவதுல கிளாஸ்லயே உனக்கு முத்து போட்டுச்சே, ஒருத்தனும் கிட்ட வரல. யார்றா உன்ன இடுப்புல தூக்கினு போயி உங்கம்மாகிட்ட வுட்டது? அப்போ நான் சர்ச்சுக்குப் போறவளாச்சேன்னு உங்கம்மா கதவச் சாத்தினாங்களா?"

பின்னால் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நகர்ந்தார்கள். "வாடா, ஆத்தா சமாச்சாரம், நமக்கெதுக்கு" என்று ஒருத்தன் இழுத்தான். பாஸ்கருக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லார் முன்னாலும் நான் இடுப்பில் தூக்கின கதையைச் சொல்லியிருக்க வேண்டாம். கீழே கிடந்த உடைந்த செங்கல்லை எடுத்து வீசினான். வேண்டுமென்றே வீசினானா, ஆத்திரத்தில் கை போனதா, அதெல்லாம் கோர்ட்டில் கேட்கட்டும். வந்து என் இடது கன்னத்தில் இறங்கியது. பல்லில் கல் உரசுகிற சத்தம் காதுக்குள் கேட்டது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன், விழவில்லை. வாசலை விட்டு நகரவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனையும் எழுதுகிறேன். நகரவில்லைங்க.

ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டம் சிதறியது. போகிற வழியில் சேகர் வீட்டுக்குள் புகுந்து, தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பட்டுப் பாவு நூலை அரிவாளால் கிழித்துவிட்டார்கள். ஆளை வெட்ட முடியாத கோபத்தை நூலில் தீர்த்துக்கொண்டார்கள். சேகர் காதில் கட்டோடு உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருக்கிறான். "எங்கேர்ந்து வந்தோம்னு எங்கப்பாவுக்கே சரியா தெரியாது டீச்சர்" என்றான். தெரிந்து என்ன ஆகப்போகிறது, வேலையைப் பார் என்றேன்.

போலீஸ் வந்து யார் அடித்தது என்று கேட்டபோது பாஸ்கர் பெயரைச் சொன்னேன். அவன் அம்மா வந்து காலைப் பிடித்து, "நம்ம புள்ள டீச்சரம்மா" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். பெயரை மட்டும் திரும்ப வாங்கவில்லை. நீங்களாக இருந்தால் வாங்கியிருப்பீர்கள். நான் நீங்கள் இல்லை.

கட்டு பிரித்தாயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தின் குறுக்கே, படுக்கையாக, ஒரு கோடு. இது போகாதும்மா என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரிலிருந்து பிள்ளை போனில், ஆபரேஷன் பண்ணினால் மறைந்துவிடும், கிளம்பி வா என்று குதிக்கிறான். வர மாட்டேன் என்றுவிட்டேன். ஏன் என்று அவனுக்குச் சொன்னால் புரியாது, உங்களுக்குப் புரியும்.

நான் மேலே உங்களிடம் வரும்போது அங்கே கூட்டம் அதிகமாக இருக்கும். வானத்திலிருந்து வந்தோம், மெக்காவிலிருந்து வந்தோம், கமண்டலத்திலிருந்து வந்தோம் என்று எல்லாரும் வரிசையில் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். எனக்கோ வயதாகிவிட்டது, வழி தவறிப் போவேன். அடேயெமியும் அங்கே வந்திருந்தால் அவரையும் வாசலுக்குக் கூட்டி வாருங்கள். இடது கன்னத்தில் கோடு போட்ட கிழவி ஒருத்தி கத்திக்கொண்டே வருவாள். உங்கள் வீட்டுப் பிள்ளைதான், கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.