பாறைப்பூவுக்கு மோர் ஊற்றியவன்

நண்பா,

இன்று காலை என் வீட்டுக்காரி பிரியாணி மசாலாவுக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். பட்டையும் ஏலக்காயும் வாசனை விட்டுக்கொண்டிருந்தவரை எனக்கு ஒன்றுமில்லை. கடைசியில் கல்பாசியைப் போட்டாள். மழை பெய்த மண்ணில் யாரோ சுருட்டு அணைத்த மாதிரி ஒரு வாசனை ஹாலுக்கு வந்தது. நான் பேப்பரை மடித்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன். "என்னாச்சு?" என்றாள். "தும்மல் வருது" என்றேன். பொய். நான் பொய் சொல்லும்போது மூக்கைத் தடவுவேன் என்று கண்டுபிடித்தவனே நீதான்.

கல்பாசியும் உன் பாறைப்பூவும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒன்று குழம்புக்குப் போனது. இன்னொன்று செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் நம் அபார்ட்மெண்ட்டின் பின்பக்கப் பாறையில் குடியிருந்தது. பில்டர் மற்ற பாறைகளை எல்லாம் வெடி வைத்து எடுத்துவிட்டு, தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டிகூடக் கட்ட உதவாத இடம் என்பதால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தான்.

உன்னை நான் முதலில் பார்த்தது அந்தப் பாறைமேல் குப்புறப் படுத்த கோலத்தில். கையில் பூதக்கண்ணாடி. நேர் எதிரே இரண்டாம் மாடிக்காரர்களின் பாத்ரூம் ஜன்னல். நான் என்ன நினைத்திருப்பேன்? அரை மணி நேரத்தில் இரண்டு பிளாக்குக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. நீ கோபப்படவில்லை. மறுநாள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் பாறைமுன் உட்காரவைத்தாய். நண்பனை 'யார்' என்று கூப்பிடுகிற உன் உருதுத் தமிழை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"இங்க பாரு யார். இது ஒரு ஆளு இல்ல, ரெண்டு பேரு. பூஞ்சை வீடு கட்டும். உள்ள பாசி உக்காந்து வெயில்ல சமைக்கும்."

"குடும்பம்னு சொல்லு."

"ஹவ், ஆமா. சண்டை போடாத குடும்பம்."

"அப்ப அது குடும்பம் இல்லடா."

நீ சிரித்த சிரிப்பில் பாத்ரூம் ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது.

அதன் பெயர் ஸாந்தோபார்மீலியா என்றாய். ஒரே மூச்சில் சொன்னால் பல்செட் கழன்று விழும். அடை அளவுக்கு வட்டமாக, ஓரமெல்லாம் சுருள் சுருளாக, சாம்பலில் மஞ்சள் கலந்த நிறம். பார்க்கச் சுவரில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரிதான் இருந்தது. உன் பாட்டிலிலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாய். விழுந்த இடம் கண்ணெதிரே பச்சையானது. மேல்தோல் நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உள்ளே இருக்கிற பாசி தெரியும் என்றாய். நான் வாயைப் பிளந்தேன். அந்த ஒரு சொட்டைத்தான் நான் பிறகு தப்பாகப் படித்துக்கொண்டேன்.

செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம் உன்னுடையது. காஞ்சன்பாக் ராணுவ ஆய்வுக்கூடத்தில் உலோகம் சோதிக்கிற வேலை. எதற்கான உலோகம் என்று வருஷக்கணக்கில் கேட்டும் உன் வாயைப் பிடுங்க முடியவில்லை. நானோ, ஒருவர் வீட்டில் குக்கர் விசில் இரண்டு குறைந்தால்கூட ஊருக்குச் சொல்கிறவன். சேர்ந்ததே அதிசயம். வருஷா வருஷம் பொங்கலன்று நீ ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் வைத்து, ஓரத்தை மார்க்கரில் வரைவாய். போன வருஷக் கோட்டுக்கும் இந்த வருஷக் கோட்டுக்கும் நடுவே ஒரு அரிசி நுழையலாம், சில வருஷம் அதுவும் நுழையாது. பக்கத்தில் நின்று நான் போட்டோ எடுப்பேன். தமிழ்ச் சங்க மலரில் உன்னைப் 'பாசி டாக்டர்' என்று கிண்டலடித்துக் கட்டுரை எழுத எனக்குப் படம் வேண்டாமா?

போன வருஷம் மே மாதம் வைத்தியத்துக்காக நீ சென்னையில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாய். ஆட்டோ நிற்கிறது, நீ பாறைப்பக்கம் நிற்கிறாய்.

"பாத்துக்கோ."

"என்ன செய்யணும் சொல்லு."

"ஒண்ணும் செய்யாதே. தண்ணி நக்கோ, உரம் நக்கோ, எதுவும் வேணாம். இதுக்கு வேரே இல்ல. காத்துல, பனியில இருக்கறதைக் குடிச்சிக்கும். சும்மா விடு."

"சும்மா விடறதுக்கு நான் எதுக்குடா?"

"கைக்கு, எதுக்கு இவ்ளோ யோசிக்கிறே? யாரும் தேய்ச்சுக் கழுவிடாம பாத்துக்கோ, பஸ், அது போதும்."

அந்த மே மாத வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் கொதித்தது. உன் பூ அப்பளமாக மொறமொறத்துப்போனது. தொட்டால் நொறுங்கும் போலிருந்தது. அது தூங்குகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. மாதக்கணக்கில் அப்படிக் காய்ந்து கிடந்து, ஒரு மழையில் எழுந்திருக்கும் என்று நீ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய்; எழுதப்போகிற ஜோக்கை யோசித்துக்கொண்டே கேட்டவன் நான். உன் உடம்பைப் பற்றி அக்கா போனில் சொன்ன செய்தியும் நன்றாக இல்லை. உனக்காக நான் செய்யக்கூடிய ஒரே காரியம் இதுதான், அதிலும் கையைக் கட்டிக்கொண்டு நில் என்றால் எப்படி? ஒரு சொட்டுக்கே பச்சையானது, ஒரு பக்கெட் விட்டால்? காலையும் மாலையும் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். பச்சையாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

பத்து நாளில் ஓரம் பழுப்பானது. காய விடாமல் ஊற்றியதில் மூச்சு முட்டிப்போயிருக்கிறது. எனக்கு அது சத்துக் குறைவாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரியின் கருவேப்பிலைச் செடி எதைக் குடித்து மாடி ஏறியது? அரிசி களைந்த தண்ணீர், புளித்த மோர். நம் வீடுகளில் வாடுகிற எதற்கும் அதுதானே மருந்து. ஒரு வாரம் ஊற்றினேன். காற்றைத் தின்று வாழ்கிற ஒன்றுக்கு விருந்து வைத்தேன். மேலே வழவழவென்று ஒரு படலம் வந்தது. எறும்பு வந்தது. ஒரு காலை, ஊறிப்போன அப்பளம் மாதிரி மொத்தமாக வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. பாறையில் வெளிறிய ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ போட்டோ கேட்பாய். என் போனில் பழைய படங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக அனுப்பினேன். "அச்சா இருக்கு யார்" என்று பதில் போட்டாய். ஜூனில் முதல் மழை பெய்த அன்று நீயே போன் செய்தாய். குரல் பாதியாகியிருந்தது.

"அங்க மழையாமே? இப்ப பச்சையா ஆயிருக்கும். ஒரு போட்டோ அனுப்பு."

"அதுக்கென்ன, இதோ" என்றேன். மூக்கைத் தடவியது உனக்குத் தெரிந்திருக்காது. இருந்ததில் பெரிய படமாக எடுத்து, போனிலேயே பச்சை நிறத்தைக் கூட்டி, அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

"வடாம் நனையப் போகுது. எடுக்கச் சொல்லு."

படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். ஓரத்தில், மூன்றாம் மாடி மாமி அதே பாறையில் வேட்டி விரித்து வடாம் காயப் போட்டிருந்தாள். மார்ச்சில் மலருக்காக எடுத்த படம், வெயில் பளீரென்று. என் காது இரண்டும் சுட்டது. அதற்குப் பிறகு நீ போட்டோ கேட்கவே இல்லை.

நேரில் சொல்லிவிடுவது என்று சென்னைக்கு வந்தேன். வழியெல்லாம் ஒத்திகை. உன் கட்டிலருகே உட்கார்ந்ததும் வாய் வேறு பாதையில் போய்விட்டது. செக்ரட்டரி மீசைக்கு அடிக்கும் சாயம், லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஜோதிடர், மாமியின் மருமகள் கோபித்துக்கொண்டு போனது, மூன்றே நாளில் திரும்பி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு சிரிப்பு அடங்கி, "வேற?" என்றாய்.

"வேற என்ன, அவ்வளவுதான்."

"அவசரம் இல்ல யார். உக்காரு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "ரயிலுக்கு நேரமாச்சுடா" என்றேன். ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. அந்த ஐந்து மணி நேரமும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பிளேட் பஜ்ஜி தின்றேன். உன் வீட்டுக்கு ஆட்டோவில் இருபது நிமிஷம்.

ஒன்பதாம் நாள் அக்காவின் போன் வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு அவன் சொன்னான். 'எல்லாக் கதையும் சொன்னான்கா, ஒண்ணைத் தவிர. அதை நீ கேட்டுடாதே, பாவம், கூச்சப்படுவான்'னான். என்ன கதை தம்பி அது?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். அவரிடமும்.

இப்போது அபார்ட்மெண்ட்டில் மோர் ஊற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். நானே நடித்துக் காட்டுகிறேன், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பஜ்ஜி தின்ற கதையை யாருக்கும் சொல்வதில்லை. கேட்கிற ஆள் எதிரே இருந்து, உட்காரச் சொல்லி, நேரமும் இருந்து, சொல்லாமல் எழுந்து வந்தவன் நான். சொல்லியிருந்தால் நீ பத்து நிமிஷம் திட்டியிருப்பாய். உன் செகந்திராபாத் பாஷையில் என் பரம்பரையே வந்துபோயிருக்கும். எனக்குச் சேர வேண்டிய அந்தப் பத்து நிமிஷத் திட்டு வந்து சேரவே இல்லை. அதைத் தவிர உன்னிடமிருந்து எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

கொன்றது நான்தான்டா. திட்டி முடித்த பிறகு நீ தலையில் அடித்துக்கொண்டு கேட்டிருப்பாய்: "பெருங்காயம் வேற போட்டியா?"

போட்டேன். ஒரு சிட்டிகை. உப்பும்.