நாலாவது ஓட்டை

அக்டோபர் 2, வியாழன்

நான் அண்ணன் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. குழந்தைத் துணி துவைப்பது, பால் புட்டியைக் கொதிக்க வைப்பது, அண்ணி தூங்கும்போது தொட்டிலை ஆட்டுவது, இதுதான் வேலை. பக்கத்து வீட்டுக்காரம்மா படிக்கட்டில் பார்த்தால் ஏதோ கேட்கிறார். சிரித்துவிட்டு ஓடிவந்துவிடுகிறேன். வெளிநாடு, பாஷை தெரியாது என்பது நல்ல சாக்கு. தெரிந்த ஊரிலும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை சந்தைக்குப் போலாம். இப்படியே உள்ள கிடந்தா உன்னையும் சேர்த்து ஆட்டணும் போலருக்கு" என்கிறாள் அண்ணி.

அக்டோபர் 4, சனி

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

நாலு தெரு தள்ளி, சனிக்கிழமை மட்டும் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவையே சந்தையாக்கிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் மடக்கு மேசைகள், மேலே தார்ப்பாய். காய்கறி, பழைய பூட்டு, ஜோடி இல்லாத கரண்டிகள். கோடியில் பழைய துணிக்கடை. மேசை கொள்ளாமல் மலைபோல் குவித்திருந்தார்கள். "கிளறிப் பாரு, பிள்ளைக்கு ஏதாவது அகப்படும்" என்றாள் அண்ணி. நான் தையல்காரி. ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்து, மடிப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பச்சை நிறத்தில் ஒரு குழந்தைக் கோட்டு. நாலு ஓட்டை வைத்த பட்டன் ஐந்து. ஐந்திலும் மூன்று ஓட்டையில்தான் நூல். நாலாவது காலி.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அக்கா அப்படித்தான் தைப்பாள். வேறு யாரும் அப்படித் தைத்து நான் பார்த்ததில்லை. ஊரில் அவள் வேலை பார்த்த கடையின் டெய்லர் மாமா திட்டாத நாள் கிடையாது. "நாலு ஓட்டை எதுக்குடி வச்சிருக்கான்?" அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்: "மூணு வேலை செய்யட்டும் மாமா, ஒண்ணு வேடிக்கை பாக்கட்டும். நம்ம கடையில நடக்கிறதுதானே?" கடையில் இருந்தது நாலு பேர். தைப்பது மூன்று பேர்.

கோட்டை வாங்கிவிட்டோம். ஏன் என்று அண்ணி கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அக்கா செத்துவிட்டாள் என்றுதான் அண்ணிக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று அப்பாவே அப்படிச் சொன்னார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாகவில்லை. பிடித்தவனோடு போனாள். நாலு வருஷமாகத் தகவல் இல்லை. அவள் பேரை எடுக்கக் கூடாது. அவள் போன மறு வாரமே என் படிப்பை நிறுத்தினார் அப்பா. அப்போது எட்டாவது. "ஒருத்தி போனது போதும்" என்றார். அவள் உட்கார்ந்த மிஷினில் நான் உட்கார்ந்தேன்.

செத்தவள் செத்தவள் என்று கேட்டுக் கேட்டு எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அப்படியானால் இந்தப் பட்டனைத் தைத்தது யார்?

யாரிடமும் சொல்லாத ஒன்று. அவள் போனது ஒரு மத்தியானம். வீட்டில் நான் மட்டும். பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "எலி" என்று கூப்பிட்டாள். எனக்கு அவள் வைத்த பேர். "எலி, ஒரு நிமிஷம் வாயேன்." நான் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பை எதற்கு என்று புரிந்துவிட்டது. போனால் அழுவேன், அழுதால் அவள் மனசு மாறிவிடும் என்று— இல்லை, அதெல்லாம் பிறகு சொல்லிக்கொண்ட சமாதானம். பயம். அவ்வளவுதான். நமக்கும் அடி விழுமே என்ற பயம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். நான் தலை நிமிரவில்லை. கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அந்த "எலி" இன்னும் நிற்கவில்லை. பாத்திரம் கழுவும்போது கேட்கிறது. மிஷின் ஓடி நிற்கும்போது கேட்கிறது.

அக்டோபர் 8, புதன்

குழந்தை கூப்பிடுகிறது என்று இன்று மூன்று தரம் ஓடினேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 11, சனி

தனியாகச் சந்தைக்குப் போனேன். நான்! தனியாக!

துணிக்கடைக்காரியிடம் கோட்டை நீட்டி, பட்டனைத் தொட்டுக் காட்டினேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பட்டனை இழுத்து இழுத்துக் காட்டினார், உறுதியாக இருக்கிறதாம். ஊசியில் நூல் கோப்பதுபோல் செய்து, யார் என்று கையை விரித்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. வெகு நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. கிழிந்ததைத் தைத்துக் கொடுக்க ஒருத்தி வருகிறாள். பை தூக்கிக்கொண்டு நடந்து காட்டினார். என் கடிகாரத்தில் ஏழு மணியைத் தொட்டுக் காட்டினார். தன் காதுக்கு நேராகக் கையை வைத்து உயரம் காட்டினார்.

உயரம் சரியாக இருக்கிறது.

ஆனால் மணி பத்தாகியிருந்தது. இனி அடுத்த சனி, பதினெட்டு. இருபதாம் தேதி எனக்குத் திரும்பும் டிக்கெட். ஒரே ஒரு சனிக்கிழமைதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பிரசவ வலியில நான் அவங்களைத்தானே கும்பிட்டேன். செத்த நாத்தனார் காப்பாத்துவாங்கன்னு. உயிரோட இருக்கிறவங்களையா கும்பிட வச்சீங்க?"

மடித்த துணியையே மறுபடி மடித்தேன். அவளே, "உங்கண்ணன்கிட்ட இப்ப மூச்சு விடாத. சனிக்கிழமை நீ போ. ரொட்டி வாங்கப் போனன்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.

"நேர்ல பாத்தா எனக்கு வாய் வராது அண்ணி."

"வரலேன்னா வந்துடு. வந்து சாகற வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இரு."

அக்டோபர் 18, சனி

ஆறரைக்கே போய் நின்றேன். சரியாக விடிந்திருக்கவில்லை. கம்பிகளை இழுத்துப் போட்டுத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு. ஏழு பத்து. வரமாட்டாள் என்று நினைத்தபோது வந்தாள்.

முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். கன்னம் ஒட்டியிருக்கிறது. என்னைப் பார்த்தாள். கண் என்மேல் பட்டு அப்படியே நகர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தது பதின்மூன்று வயதுக்காரியைத்தானே. பையிலிருந்ததைக் கொட்டினாள், வேறு துணியை அள்ளிக்கொண்டாள், கிளம்பிவிட்டாள். எனக்கு வாய் வரவில்லை. பூட்டுக்கடையைத் தாண்டுகிறாள். கரண்டிக்கடையைத் தாண்டுகிறாள். வாயைத் திறடி, மூதேவி—

"அக்கா!"

யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. நடை ஒரு கணம் தயங்கி, பிறகு இன்னும் வேகமானது. ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன். முதலில் என் கையைத்தான் பார்த்தாள். அப்புறம் முகத்தை.

"எலியா?"

காலிப் பெட்டி ஒன்றின்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "கூப்பிட்டேனே, ஏன் திரும்பல?" என்றேன்.

"எத்தனை தரம்டி திரும்புறது? இங்க வந்ததிலேருந்து யாரோ அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. திரும்பினா எவளாவது கேரட் பொறுக்கிக்கிட்டு இருப்பா. விட்டுட்டேன்."

சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீ கூப்பிட்டது கேட்டுச்சுக்கா. வேணும்னுதான் வரல."

"தெரியும். எழுதிக்கிட்டிருந்த கை நின்னுச்சே. அதைப் பாத்துட்டுத்தான் போனேன்."

அவளோடு போனவர் நல்லவிதமாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாராம். அவள் மற்ற நாளில் சலவைக்கடையில் வேலை செய்கிறாள். "அப்பாவுக்கு ரெண்டு கடிதம் போட்டேன். இந்த ஊர் விலாசம் எழுதி. பதிலே இல்ல. போய்ச் சேந்துச்சோ என்னமோ. வீட்ல என்னைப் பத்தி என்ன சொல்லிக்கிறாங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நினைச்சேன்" என்றாள். என் கையை மட்டும் விடவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

பெட்டி கட்டியாகிவிட்டது. இரண்டு நாளாக அந்தக் குரல் கேட்கவில்லை. இந்த அமைதி பழகவில்லை, அதுவும் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

வந்து மூன்று நாளாக அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இன்று மத்தியானம் கடைக்கு வந்தார். தினமும் என்னை வாசலில் விட்டுவிட்டுப் போவாரே தவிர, இந்த நாலு வருஷத்தில் படியேறியதில்லை. டெய்லர் மாமா டீ குடிக்கப் போயிருந்தார்.

"பிள்ளை யார் ஜாடை?" என்றார்.

"அண்ணி ஜாடைப்பா."

"ம்." துணி மேசையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். தெருவைப் பார்த்தபடியே, "மெலிஞ்சிருக்காளா?" என்றார்.

அப்படியென்றால் அக்கா போட்ட கடிதம் இரண்டும் வந்து சேர்ந்திருக்கின்றன.

"கொஞ்சம்" என்றேன். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.