சுவர் கிடைக்காத தாள்

அன்பு மகள் ஜீவ்காவுக்கு, பிளோவ்திவிலிருந்து உன் அப்பா தானாஸ் வாய்விட்டுச் சொல்ல, கீழ்வீட்டுக் கடிகாரக்கடை கராபெட் எழுதுவது. இங்கே என் முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே வலென்சியாவில் நீயும் பேரனும், நீ குளிப்பாட்டிச் சோறூட்டிப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியம்மாளும் சுகமாயிருக்க மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அம்மா அடக்கத்துக்கும் வரல, அரை வருஷத்துக்கும் வரல, வருஷ நினைவுக்கு வந்தே தீருவேன், குடியிருப்புக் காகிதம் போனா போகட்டும்ப்பா" என்று அழுதாய். நான் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். அம்மா படம் போட்டு அச்சடித்த அரைவருஷத் துக்கத்தாளை எங்கெங்கே ஒட்டினீர்கள், யார் யார் என்ன சொன்னார்கள் என்றும் கேட்டிருந்தாய். அதைச் சொல்லிக்கொண்டே வருகிறேன், பதிலும் அதோடு வரும்.

முதல் தாள் நம் வீட்டுக் கதவில். நாற்பதாம் நாள் ஒட்டியது மழையில் ஊறி அம்மா முகம் வெளுத்துக் கிடந்தது, சுரண்ட மனசு வராமல் அதன்மேலேயே புதியதை ஒட்டிவிட்டேன். அப்புறம் பசைக் கிண்ணமும், அம்மா நினைவாகக் கொடுக்க அவித்த கோதுமைப் பொட்டலங்களுமாக மேட்டுத்தெரு ஏறினேன். ரொட்டிக்கடை ஸ்தான்கா வாசலில் நின்றபடி, "உன் பெண்டாட்டி வெலிச்கா ரெண்டு கையிலயும் பையோட இந்த மேட்டை ஒரே மூச்சுல ஏறுவா, நீ என்னய்யா ஆமை மாதிரி வர்றே, உனக்கு மட்டும்தான் வயசாச்சா?" என்று ஏசினாள். ஏசிக்கொண்டே கையை முன்னால் கட்டிய துணியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கித் தானே கண்ணாடியில் ஒட்டினாள். பிறகு கிட்டத்தில் குனிந்து பார்த்து, "ஓரத்துல வெள்ளையா தெரியுதே, இது யாரு தோளு, உன் மக தோள்தானே?" என்றாள். நீ பஸ் ஏறிப் போன அன்றைக்கு அம்மாவும் நீயும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. அவள் சிரித்தபடி இருக்கும் படம் வேறு நம்மிடம் ஏது. உன்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் போடச் சொல்லியிருந்தேன், அச்சுக்காரன் உன் தோளை விட்டுவைத்துவிட்டான். எனக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும்தான், ஆனாலும் அதுவரைக்கும் அவள் முகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஸ்தான்கா கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு, "கடவுள் அவளை மன்னிக்கட்டும், இவளையும் நல்லா வைக்கட்டும்" என்று உன் தோளைத் தொட்டாள்.

அதற்குமேல் எந்த அவசரமும் இல்லாமல் நடந்தேன். அம்மா நின்று பேசும் வாசலில் எல்லாம் நின்றேன். கோயில் மதிலில் ஒன்று, அவள் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் ஒன்று. ஹிசார் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டும்போது ஊர் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று வந்து நின்றது. ஒரு பெண் படமெடுக்கும் கருவியைக் காட்டி எடுக்கலாமா என்பதுபோல் பார்த்தாள், நான் எடுத்துக்கோ என்று நம் வழக்கப்படி தலையை இருபக்கமும் ஆட்டினேன், அவள் முகம் சிவந்து கருவியை இறக்கிவிட்டாள். கூட்டிவந்த நம்மூர்ப் பெண்தான் சிரித்து, "தாத்தா, அவங்க ஊருல அப்படி ஆட்டினா வேணாம்னு அர்த்தம்" என்று சொல்லி அவளுக்கும் விளக்கினாள். எடுத்தார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார். கடலையே பார்க்காதவள் உன் அம்மா, இப்போது எந்த நாட்டில் யார் வீட்டில் இருக்கிறாளோ.

கடைசித் தாளைக் கீழ்த்தெருவில் அவள் தையல் மிஷின் மிதித்த கடைக்கு என்று எடுத்துவைத்திருந்தேன். நீ தொட்டிலில் கிடந்ததும் அங்கேதான். இப்போது அது காப்பிக்கடை. கடைக்காரன் நல்ல பையன்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்து, "கோவிச்சுக்காதீங்க தாத்தா, சாவுத் தாளைப் பார்த்தா சாப்பிடுறவங்க எழுந்து போயிடுவாங்க" என்றான். அவனோடு நான் சண்டை போடவில்லை. பசை காய்ந்த விரலோடு தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீடுவரை அழுதுகொண்டே வந்தேன், இதை எழுதாதே என்றாலும் கராபெட் எழுதுகிறான்.

இப்போது பதில். வராதே அம்மா. உன் அம்மா கடைசி வாரம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவளைக் கூப்பிட்டுடாதே, எல்லையைத் தாண்டிட்டா மறுபடி உள்ளே விடமாட்டான், பையன் படிப்பும் போயிடும்" என்றாள். கூப்பிடவா என்று நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னாள். எனக்கு ஆசை இல்லையா. நீ வருகிறாய் என்றால் இந்த முட்டியோடு பஸ் நிலையத்தில் விடியற்காலையிலிருந்து நிற்பேன். அந்த ஆசையைக் கேட்டு நீ வண்டி ஏறிவிடாதே. காகிதம் கைக்கு வரட்டும், அப்புறம் வா, அதுவரை நான் எங்கும் போகமாட்டேன்.

சுவர் கிடைக்காத அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன் கதவில், வெளிப்பக்கமாக ஒட்டு. அங்கே யாருக்கும் நம் எழுத்துப் புரியாது, அதனால் இது யாரென்று கேட்பார்கள். கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகாதே, நின்று சொல்லு. அந்தக் கிழவியம்மாளுக்கும் சொல்லு. அம்மா போனதை இத்தனை நாள் அங்கே ஒருவரிடமும் நீ சொல்லவில்லை என்பது உன் குரலிலேயே எனக்குத் தெரிந்தது.

கோதுமை அவித்துச் சர்க்கரை கலந்து பேரனுக்கு முதலில் கொடு. உங்கள் இருவர் தலையிலும் என் கை இருப்பதாக நினைத்துக்கொள், கன்னிமாதா உங்களைக் காக்கட்டும்.

உன் அப்பா தானாஸ்,
பெருவிரல் ரேகை