உன் அம்மா உயிரோடுதான் இருக்கிறாள்

அன்பு மகள் கலோலைனேவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தம்பிகள் இருவரும் சுகம். உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். சிரிக்காதே, இந்த ஊர்ப் போலீஸே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அங்கே மாப்பிள்ளையும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நலம்தானே, நம் வவாவுத் தீவில் மழை பெய்ததா, எழுது.

போன கடிதத்தை நான் அழாத குறையாக எழுதியிருந்தேன். தம்பிகள் இந்த வெளிநாட்டுக்கு வந்த வாரமே ரக்பி குழுவில் சேர்ந்துவிட்டார்கள், எனக்கும் இறைச்சித் தொழிற்சாலையில் என் அறுவை ஜோக்குக்குச் சிரிக்க நாலு பேர் கிடைத்துவிட்டார்கள், உன் அம்மாதான் ஐந்து மாதமாக வாசற்படி தாண்டவில்லை. கொண்டுவந்த பாய்களைக் கட்டுக்கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இங்க நான் செத்தாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன், அப்புறம் மககிட்டயே போயிடுவேன்" என்று ஒரே பாட்டு. நீயும் அவளுக்காக அறையைச் சுத்தம் செய்து வைத்திருப்பதாக எழுதிவிட்டாய். அவள் இல்லாவிட்டால் எனக்கு ஒரு ஜோடி காலுறைகூட அகப்படாது என்பது உனக்குத் தெரியாததா.

கடைசியில் அவள் சமையலறைக்கும் வராமல் படுத்துக்கிடக்கவே, நம் ஊர் மாதிரி மண்ணடுப்புச் சமையல் செய்கிறேன், சர்ச்சுக்காவது வா என்று ஆசைகாட்டினேன். போன ஞாயிறு விடிந்ததும் கொல்லையில் குழி வெட்டி, கல்லைக் காயவைத்து, ஆட்டுக்கறியையும் கிழங்கையும் உள்ளே இறக்கி மண்போட்டு மூடினேன். சின்னக் குழி போதும், ஆனால் உன் அப்பாவுக்கு எதைத்தான் அளவோடு செய்யத் தெரியும், ஆறடி நீளத்துக்குப் போய்விட்டது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் பக்கத்து வீட்டு மேவிஸ் அம்மாள், தனியாக இருக்கிறவர், வேலிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மரியாதையாகக் கையசைத்தேன், கையில் மண்வெட்டி. பிறகு உன் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டோம்.

திரும்பி வந்தால் கொல்லையில் ஒரு போலீஸ்காரர் என் மண்வெட்டியோடு நிற்கிறார், பக்கத்தில் மேவிஸ் விம்முகிறார். என்னைக் கண்டதும், "இவன்தான்! அஞ்சு மாசமா அந்தப் பொம்பள வெளிய வரல, இவன் காலங்காத்தால குழி தோண்டி மூடிட்டு எனக்கு டாட்டா வேற காட்டறான்!" என்று ஒரே கூச்சல். மண்மேட்டிலிருந்து புகை வேறு வருகிறது. எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச இங்கிலீஷில் இரண்டு வார்த்தைதான் மிஞ்சி, "உள்ள ஆடு, ஆடு" என்கிறேன். "ஆடா மனுஷனான்னு பாத்துடலாம்ப்பா" என்று அவர் மண்வெட்டியை ஓங்க, என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "யோவ், நிறுத்துய்யா! மண்ணு உள்ள விழுந்தா கறி நாசமாப் போயிடும்!" என்று ஒரு சத்தம். உன் அம்மாதான். இந்த ஊரில் அவள் வாய்விட்டுப் பேசிய முதல் பேச்சு, அதுவும் போலீஸிடம்.

மேவிஸ் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். "அடிப்பாவி, உசுரோடதான் இருக்கியா! தெனம் காலையில உன் சமையலறை ஜன்னலத்தான் பாப்பேன், தலை தெரிஞ்சா நிம்மதியா இருக்கும், ரெண்டு வாரமா அதுவும் தெரியலயே" என்று அழுதார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "இவங்க என்னைத் தேடியிருக்காங்க" என்று நம் பாஷையில் மெல்லச் சொன்னாள். அப்புறம் அவளும் அழுதாள், நானும்தான். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கறி வேக இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தார்.

உன் அம்மா உள்ளே போய்ப் பாய்க் கட்டைப் பிரித்துக் கொண்டுவந்து விரித்தாள். போலீஸ்காரர் சாட்சிக்காக என்று சொல்லியே மூன்று தட்டு தின்றார். பாயில் உட்கார்ந்த மேவிஸால் எழுந்திருக்க முடியாமல் தம்பிகள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். பாய் கட்டியிருந்த கயிறு இப்போது துணி காயப்போடும் கொடியாகிவிட்டது.

ஆகவே அந்த அறையில் உன் நாத்தனாரைக் குடிவைத்துக்கொள். திரும்பி வரும்போது வேண்டும் என்று அம்மா உன்னிடம் விட்டுவந்த துணிப்பெட்டியை மறக்காமல் அனுப்பு. உன் கைவேலையும் வீடும் செழிக்கட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. காலை மணி ஏழு. வேலியருகே மேவிஸ் தினப்படிக் குரல் கொடுக்கிறார், "லோசேலி, இருக்கியா?" உன் அம்மா சமையலறையிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி பதில் சொல்கிறாள், "இருக்கேன்!"

இப்படிக்கு,
குழியை அளவாக வெட்டத் தெரியாத உன் அப்பா
ஃபிலிமோனே