அம்சாவும் நானும் காற்று மிதித்த கதை

திண்டிவனம்,
திருவிழா முடிந்து நான்காவது புதன்கிழமை.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் சுகம், மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குட்டி போட்ட பூனைகூட சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்ததும் போனை நோண்டாமல் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். தினம் வீடியோவில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, கெட்ட சேதி ஒன்றும் இல்லை. போனில் நான் வாயைத் திறந்தால் அப்பா பிடுங்கிக்கொண்டு, ஆர்கன் நல்லா பாடுச்சும்மா என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். என் பாகம் உனக்கு வந்து சேருவதே இல்லை. முகையூர் சித்தியின் மருமகள் அடுத்த வாரம் அயர்லாந்து வருகிறாள், வறுத்த மல்லாட்டை, கேப்பை மாவு, எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் வைத்து அனுப்புகிறேன், உட்கார்ந்து படி.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். ஈஸ்டர் சமயம் உங்கள் ஊர்க் கோவிலுக்குள் போனைக் கொண்டுபோய், பீடத்துக்கு எதிரே கூரை வரைக்கும் குழாய் குழாயாக நிற்கிற அந்தப் பெரிய வாத்தியத்தைக் காட்டினாய் அல்லவா, காட்டிவிட்டு அப்பாவிடம், "இதுக்குள்ள வெறும் காத்துதான்பா போவுது, நீ தண்ணி உடுற, அவங்க காத்து உடுறாங்க, உன்னால பண்ண முடியாதா?" என்று கேட்டுவிட்டு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். நீ விளையாட்டாகக் கேட்டாய். இங்கே அந்த மனுஷன் வேலைக்குப் போன இடத்தில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து எப்படி இருந்தார் என்பதை நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. இனி ஏணி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், ஊரெல்லாம் குழாய் போட்டுக்கொண்டு திரிந்த ஆள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். டிவியில் எதைப் போட்டாலும் பார்ப்பார், போடாவிட்டாலும் அதேபோல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்குக் கூப்பிட்டு வருகிற போனை எடுக்கவே மாட்டார். நீ கேட்ட மறுநாள் காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் உன் அப்பா ஒரு துண்டுக் குழாயை வாயில் வைத்து, கன்னம் இரண்டும் உப்ப நிற்கிறார். நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார், கவனி. "செல்வி, சத்தம் வருது பாத்தியா? அப்புறம் இன்னா, நெட்டையா ஒண்ணு குட்டையா ஒண்ணுன்னு நிக்க வெச்சா பாட்டு வந்துட்டுப் போவுது" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பட்டதே, அதுதான் வினை.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. முதல் குழாயில் பாட்டு வரவில்லை, எச்சில்தான் வந்தது. பிறகு ராத்திரி பகல் யூடியூப் பார்த்து, குழாயில் வாய் மாதிரி ஒரு வெட்டு, உள்ளே ஒரு மரக்கட்டை என்று ஏதோ கண்டுபிடித்தார். பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்கிற புனிதா டீச்சர் சாயந்தரம் வந்து போனில் சுருதி பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டு, இது கொஞ்சம் ஏறுது மாமா, இது இறங்குது மாமா என்பாள், அவர் மேல்மூடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். இருக்கிறதிலேயே பெரிய குழாய் சமையல்கட்டில் ஆரம்பித்து கூடத்தைத் தாண்டி வாசற்படிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டித் தாண்டியே நான் சோறு வடித்தேன். கடைசியில் அதற்கு எல்போ போட்டு மடக்கி, கை கட்டி நிற்கிற போலீஸ்காரர் மாதிரி ஒரு மூலையில் நிறுத்தினார். அது ஊதினால் செல்பில் இருக்கிற டம்ளரெல்லாம் நடுங்கும். ஃபாதர் ஒருநாள் பார்க்க வந்து அந்தக் குழாயின் தடிமனைப் பார்த்துத் தயங்கி, இது கக்கூசுக்குப் போடுறதாச்சே, கோவிலுக்குள்ள எப்படி என்று மெதுவாகக் கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "புதுக் குழாய் ஃபாதர், இன்னும் வேலையிலயே சேரல" என்றார். ஃபாதர் சிரித்த சிரிப்பில் திருவிழாப் பூசைக்கு இதுவே வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது, அதுவரைக்கும் அது ஒரு முழுப் பாட்டைப் பாடினதே கிடையாது.

காற்றுக்காக இரண்டு துருத்தி செய்ய வேண்டியிருந்தது. பஸ் சீட் தைக்கிற ரெக்சின் வேண்டும் என்று விழுப்புரம் போனோம். இடுப்பு உடைந்த பிறகு அவர் பஸ் ஏறுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. திரும்பும்போது சுருட்டின ரெக்சினை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்தியிருந்தோம், கண்டக்டர் அதைக் காட்டி, இந்த மூணாவது ஆளுக்கு டிக்கெட் எடுக்கலியாம்மா என்று கேட்டார். அப்பா அதன் தோளில் கையைப் போட்டு, "என் மச்சான்தான், பேச மாட்டான், ஊர் போனதும் மூச்சு உடுவான்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் பார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகம் போன போக்கை அவர் பார்க்க வேண்டாம் என்றுதான். துருத்தி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றை மிதித்தால் அது காற்றை விட்டுக்கொண்டு இறங்கும், அதற்குள் மற்றது ஸ்பிரிங்கில் எழும்பிக் காற்றை இழுத்துக்கொள்ளும். நல்ல கனமான ஆள் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். டீக்கடை வெங்கடாசலம் அண்ணன், "கனம்தான வேணும், அது நம்மகிட்ட ரெடியா கீது" என்று தாமாக வந்து நின்றார்.

திருவிழா அன்றைக்கு நம் சின்னக் கோவிலில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் மாதாவைப் பார்க்க வந்தார்கள், பாதிப் பேர் உன் அப்பா சவரிமுத்துவின் குழாயைப் பார்க்க வந்தார்கள். யாரோ முன்ஜாக்கிரதையாக வாடகை கீபோர்டு ஒன்றையும் கொண்டுவந்து, ஆர்கன் வாசிக்க உட்கார்ந்திருந்த புனிதா பக்கத்தில் வைத்திருந்தார்கள், அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. அடியே, அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன், தரையிலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறியது. ஜனங்கள் பாடுவதை மறந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். முதல் சரணம் முடிந்து இரண்டாவதில் பாதி போனபோது, "ஐயோ, கெண்டைக்கால்" என்று ஒரு அலறல். வெங்கடாசலம் அண்ணனுக்குக் கால் பிடித்துக்கொண்டது, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார், வாத்தியமும் பள்ளத்தில் விழுந்த எருமை மாதிரி ஒரு குரல் கொடுத்து அடங்கிப்போனது. பின்னால் சிரிப்பு கிளம்பியது. அதே நேரம் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போய், அப்பா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவரால் நகர முடியாது. புனிதாவின் கை கீபோர்டு பக்கம் போனது. அப்பா அந்தக் கையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாட்களில் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதே பார்வை. எனக்கு எங்கிருந்து வந்ததோ, பட்டுப்புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, "புனிதா, அதைத் தொடாத, நான் வர்றேன்" என்று கத்திவிட்டேன், பூசை நடுவில், பீடத்துக்கு முன்னால். போய் ஏறி மிதித்தால் துருத்தி அசையவே இல்லை, என் கனம் அதற்குப் போதவில்லை. குதித்தேன், முனகியது, அவ்வளவுதான். அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு வெங்கடாசலம் அண்ணன் பொண்டாட்டி அம்சா வருகிறாள், தலை நிறைய கனகாம்பரம், "தள்ளிக்கோ அக்கா, ஜல்தி, புருஷன் உட்ட வேலைய பொண்டாட்டி பாக்கணும்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து இதில் ஒரு குதி, அதில் ஒரு குதி. காற்று ஏறியது. புனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தாள், நாங்கள் வேகமாகக் குதித்தால் சத்தம் பிளிறும், மூச்சு வாங்கி மெதுவாகக் குதித்தால் அழும், ஜனங்கள் எங்கள் கால் போகிற போக்குக்குப் பாட ஆரம்பித்தார்கள், அப்படிக் கோவில் பாடி நான் கேட்டதே இல்லை. அப்பா பிடித்திருந்த இணைப்பிலிருந்து காற்று அவர் சட்டைக்குள் புகுந்து ஆள் பலூன் மாதிரி உப்பி நிற்கிறார், கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல்.

முடிந்ததும் ஃபாதர் பிரசங்க மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார், எனக்கு இனி திட்டு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்தேன், அவர், "கடைசிச் சரணத்தை இன்னொரு தடவை பாடலாமா, அந்த ரெண்டு அம்மாவுக்கும் மூச்சு இருந்தா" என்று கேட்டார். இருந்தது. வெங்கடாசலம் அண்ணன் தரையில் உட்கார்ந்தபடியே கை தட்டித் தாளம் போட்டார். இப்போது சனிக்கிழமை தவறாமல் அப்பா கோவிலுக்கு நடந்தே போய் குழாயைச் சரி பார்த்துவிட்டு வருகிறார், கண்டமங்கலத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், வேலைக்குக் கூப்பிடுகிற போனையும் எடுத்து, ஏணி ஏற ஆள் வெச்சிக்கினு வர்றேன் என்று சொல்கிறார். எனக்கு மட்டும் முழங்கால் வீங்கி இரண்டு நாள் மாடிப்படி ஏற முடியவில்லை, அதைப்பற்றிப் போனில் கேட்காதே, கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நீ ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே. மாதா உன்னைத் தன் கைக்குள்ளேயே வைத்திருக்கட்டும், நீ தொடுகிற நோயாளியெல்லாம் நடந்து வீட்டுக்குப் போகட்டும். முக்கியமானது ஒன்று, டிசம்பரில் அம்சா மகளின் பிரசவத்துக்குச் சென்னை போகிறாள், கிறிஸ்துமஸ் பூசைக்குத் துருத்தி மேல் என் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. ஃபாதரிடம் உன் பேரைக் கொடுத்துவிட்டேன். லீவு கிடைக்குமா என்று என்னைக் கேட்காதே, உங்கள் மேட்ரனைப் போய்க் கேள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா ஆரோக்கியசெல்வி